‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்!’ - வீடு கட்டும் ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட வரிகள்

வீடு கட்டப்போகிறோம் என்று சொன்ன மறுநிமிடம் எதிரில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: “சதுர அடிக்கு என்ன ரேட் பேசியிருக்கீங்க?” எத்தனை அறை, என்ன மண், எந்தத் திசையில் வாசல் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2,200 என்றால் “பரவாயில்லையே” என்பார். 2,600 என்றால் “கொஞ்சம் ஜாஸ்திதான்” என்று இழுப்பார். அந்த 2,200-க்குள் என்னென்ன அடக்கம், அந்த 2,600-க்குள் என்னென்ன அடக்கம் என்று அவரும் கேட்பதில்லை. சொன்னவருக்கும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் செய்கிற மிகப் பெரிய செலவு வீடு. பி.எஃப். பணம், நகைக் கடன், இருபது வருட வங்கிக் கடன் எல்லாம் அதில் இறங்குகிறது. அவ்வளவு பணம் கைமாறும் வேலைக்கு எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். மேலே பிள்ளையார் சுழி, அடுத்து சதுர அடி ரேட், அதற்குக் கீழே ‘கம்பெனி சிமெண்ட், கம்பெனி கம்பி, நல்ல மரம்’ என்று மூன்று வரி, கடைசியில் தவணைக் கணக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்.”

அப்படிச் சொல்லும் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் சொல்கிறார். வீட்டுக்காரரும் நம்பித்தான் தலையாட்டுகிறார். ஆறே மாதத்தில் இருவரும் ஒருவரையொருவர் மோசக்காரர் என்று நினைக்கத் தொடங்குவதுதான் வேதனை. ஏமாற்றுகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு, இதிலும் உண்டு. ஆனால் கட்டட வேலையில் வரும் தகராறுகளைக் கிளறிப் பார்த்தால், இரண்டு பேர் இரண்டு வேறு வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு ஒரே ரேட்டுக்குச் சம்மதித்திருப்பது தெரியும்.

900 சதுர அடி எங்கே முடிகிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. அதில் முப்பதுக்கு முப்பது, 900 சதுர அடியில் தரைத்தள வீடு. ரேட் 2,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20 லட்சத்து 70 ஆயிரம். வீட்டுக்காரர் மனதில் பதிந்துபோன தொகை இது. வங்கியில் கடன் கேட்டதும் இதை வைத்துத்தான்.

வேலை பாதி நடந்தபின் போர்ட்டிகோ பேச்சு வருகிறது. பத்துக்குப் பதினைந்து, 150 சதுர அடி. அதற்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா? முழு ரேட் என்றால் 3,45,000 ரூபாய். பாதி என்றால் 1,72,500. மாடிப்படி மொட்டைமாடியில் போய் முடியும் இடத்துக்கு ஒரு ஹெட்ரூம் வேண்டும். அது 100 சதுர அடி என்றால் இன்னொரு 2,30,000. இரண்டும் முதல் நாளே வரைபடத்தில் இருந்தவைதான். புதிதாக யாரும் எதையும் கேட்கவில்லை. 900-க்குள் இவை சேர்த்தியா இல்லையா என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அளவெடுக்கும்போது இன்னொரு பூதம் கிளம்பும். சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளப்பதா, மேலே போட்ட தளத்தை அளப்பதா? தளம் நான்கு பக்கமும் ஓரடி வெளியே நீண்டிருந்தால், 30-க்கு 30 என்பது 32-க்கு 32 ஆகிவிடும். 900 சதுர அடி 1,024 ஆகிறது. 124 சதுர அடிக்கு 2,85,200 ரூபாய். ‘அளவு, சுவர் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை’ என்ற ஒரு வரி இந்தத் தொகையை முதல் நாளே தீர்த்திருக்கும்.

பிறகு தரைக்குக் கீழே போகும் வேலைகள். சம்ப் ஆறாயிரம் லிட்டரா, பன்னிரண்டாயிரம் லிட்டரா? செப்டிக் டேங்க் என்ன அளவு? காம்பவுண்டு சுவர், கேட், போர்வெல், மொட்டைமாடித் தட்டோடு, கைப்பிடிச் சுவர், மின் இணைப்புக் கட்டணம், பிளான் அப்ரூவல் செலவு என்று பட்டியல் நீளும். பல ஒப்பந்தக்காரர்களுக்கு இவற்றில் பாதிக்கு மேல் ‘எக்ஸ்ட்ரா’. தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தானே என்பது அவர்கள் நினைப்பு. ஆயுளில் ஒரே ஒருமுறை வீடு கட்டுகிறவருக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்?

ஒப்பந்தத்தில் அதிகம் பயன்படும் பக்கம், ‘இந்த ரேட்டில் அடங்காதவை’ என்ற பக்கம். பெரும்பாலான தாள்களில் அந்தப் பக்கமே இருப்பதில்லை. அதைக் கேட்டு வாங்குகிற வீட்டுக்காரர் முதல் நாளே கொஞ்சம் அதிர்ச்சி அடைவார். ஆனால் அந்த அதிர்ச்சி, கடன் தொகையை மாற்றிக் கேட்கவோ போர்ட்டிகோவைச் சின்னதாக்கவோ இடம் இருக்கும்போதே வந்துவிடுகிறது.

‘நல்ல மரம்’ என்றால் எந்த மரம்?

தலைவாசல் தேக்கு என்று எழுதியிருக்கும். நிலை மட்டும் தேக்கா, கதவும் தேக்கா? மற்ற அறைகளுக்கு எந்த மரம், எந்தக் கதவு? ‘நல்ல பெயிண்ட்’ என்று எழுதியிருக்கும். பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, உள்சுவருக்கு எமல்ஷனா டிஸ்டெம்பரா? வெளிச்சுவருக்கு எத்தனை கோட்? இப்படிக் கேட்டால் மேஸ்திரிக்குக் கோபம் வரும் என்று பலர் தயங்குகிறார்கள். தொழில் தெரிந்த மேஸ்திரிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அவர் குறைந்த ரேட் சொல்கிறவரிடம் வேலையை இழப்பது, தான் போடுகிற மூன்றாவது கோட் யார் கண்ணிலும் படாததால்தான்.

டைல்ஸ் விஷயத்தில் விவரமான ஒப்பந்தக்காரர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ‘தரை டைல்ஸ் சதுர அடிக்கு 55 ரூபாய் வரை’ என்று விலை வரம்பை எழுதிவிடுவது. வீட்டுக்காரர் கடையில் 90 ரூபாய் டைல்ஸைப் பார்த்து மனம் மயங்கினால், வித்தியாசம் 35 ரூபாய். 900 சதுர அடிக்கு 31,500. முடிவு அவர் கையில், கணக்கு இருவர் கண்ணிலும். இதிலும் எழுத வேண்டிய சில்லறை உண்டு. உடைசல் யார் தலையில்? ஏத்துக்கூலி இறக்குக்கூலி யார் தருவது? சுவரோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் இந்த அளவில் சேருமா?

கம்பியும் காங்கிரீட்டும் அழகு சம்பந்தப்பட்டதல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. ‘கம்பெனி கம்பி’ என்று எழுதுவதால் ஒன்றும் தெரியாது. எஃப்.இ. 500 அல்லது 550 என்ற தரம், ஐ.எஸ். 1786 முத்திரை, எந்த இடத்தில் எத்தனை மி.மீ. கம்பி, எத்தனை அங்குல இடைவெளி என்பதெல்லாம் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தில் இருக்கும். அந்த வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பிக்கு வெளியே தூணில் 40 மி.மீ., அஸ்திவாரத்தில் 50 மி.மீ. காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதற்கு வைக்கும் கவர் பிளாக் விலை மலிவானது. அது வைக்காத தளத்தில் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழுவதைக் கடலோர ஊர்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு சின்ன வரி: காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது யார்? சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே விதி. தளம் போட்ட மறுநாளிலிருந்து மேஸ்திரியின் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்காரர் அது அவர்கள் வேலை என்று இருப்பார். மேஸ்திரியோ பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்காரர் விட்டுக்கொள்வார் என்று இருப்பார். வெயிலில் தளம் வெடிக்கும்.

பூச்சு வேலையை அளப்பதிலும் எழுதிவைத்த விதி உண்டு. ஐ.எஸ். 1200 என்ற வரிசை, கட்டட வேலைகளை அளப்பதற்கென்றே வந்தது. அதன்படி அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவே கிடையாது. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்தை மட்டும் கழிக்கலாம். மூன்றடிக்கு ஏழடி வாசல் ஏறத்தாழ 1.95 சதுர மீட்டர். ஆகவே ஒரு பக்கம்தான் கழியும். இன்னொரு பக்கத்தை விட்டுக்கொடுப்பதற்குக் காரணம், திறப்பின் உள்விளிம்புகளையும் கொத்தனார்தான் பூச வேண்டும், அதற்கு அவருக்குத் தனிக் கூலி கிடையாது. ஜன்னல் ஜன்னலாக நின்று வாய்ச்சண்டை போட வேண்டிய அவசியமில்லை. ‘அளவு ஐ.எஸ். 1200-ன்படி’ என்று எழுதினால் போதும்.

ரேட் பேசுவது நேற்று வந்ததல்ல

பரப்பளவுக்கு ரேட் என்ற முறைக்கு ஏறத்தாழ 3,750 வயது. பாபிலோன் மன்னன் ஹமுராபி கல்லில் வெட்டிவைத்த சட்டங்கள் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீடு கட்டி முடித்தவனுக்கு ஒரு ‘சார்’ பரப்புக்கு இரண்டு ஷெக்கல் வெள்ளி கூலி என்கிறது அதில் ஒரு சட்டம். ஒரு ‘சார்’ என்பது சுமார் 36 சதுர மீட்டர். அடுத்த சட்டம், வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. சுவர் சாய்ந்தால் அவன் தன் சொந்த வெள்ளியைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். கூலி இருக்கிறது, தண்டனை இருக்கிறது. என்ன கட்ட வேண்டும் என்ற விவரம் மட்டும் இல்லை. நம் ஊர் ஒற்றைத் தாளிலும் விடுபட்டுப்போவது அதுதான்.

முடிவு செய்யாமல் தொடங்கினால்

சின்ன வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இது நேர்வதில்லை. உலகமே படமெடுத்துக்கொள்ளும் சிட்னி ஓபரா ஹவுஸின் வரலாறு இதைவிடப் பெரிய பாடம். 1957-ல் நடந்த போட்டியில் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வடிவம் வென்றது. மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், முடிக்கும் நாள் 1963 ஜனவரி. வேலையைச் சீக்கிரம் தொடங்கிவிட வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு அவசரப்பட்டது. 1959 மார்ச்சில் அஸ்திவார வேலை ஆரம்பித்தபோது, மேலே வரப்போகும் கூரையை எப்படி நிறுத்துவது என்றே முடிவாகவில்லை. முடிவானபோது, ஏற்கெனவே எழுப்பிய அடித்தளத் தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. அவற்றைத் தகர்த்துவிட்டு மறுபடி கட்டினார்கள்.

அதோடு நிற்கவில்லை. பெரிய அரங்கு ஓபராவுக்கும் இசைக் கச்சேரிக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது முதல் திட்டம். 1966-ல் உட்சன் மனம் வெறுத்து விலகியபின், அது கச்சேரிக்கு மட்டும் என்று மாறியது. ஓபராவுக்காகப் பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைப் பிரித்து எடுத்தார்கள். ஓபரா சின்ன அரங்குக்குத் தள்ளப்பட்டது. வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் அங்கே இடம் போதாமல் நெருக்கடியாகவே அமைந்தது. 1973 அக்டோபரில் திறந்தபோது செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். பத்து வருடத் தாமதம், பதினான்கு மடங்கு பணம். கட்டடம் அற்புதம்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு வடிவம் கொடுத்தவர் அதன் திறப்பு விழாவில் இல்லை.

கட்டடம் இல்லாத வேலைகளிலும் இதே வினை உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற மென்பொருளைச் செய்யச் சொன்னது. சுமார் 17 கோடி டாலர் செலவழித்தபின் 2005-ல் அதைக் கைவிட்டது. நீதித்துறையின் தணிக்கை அறிக்கை சொன்ன காரணங்களில் முக்கியமானது, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுக்காததும் அது மாறிக்கொண்டே இருந்ததும்.

மென்பொருள் துறை இந்த அடிகளிலிருந்து பாடம் கற்றது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் எஸ்.ஓ.டபிள்யூ. பற்றிச் சொல்வார். வேலையின் எல்லை, ஒப்படைக்க வேண்டியவை, ஏற்றுக்கொள்ளும் அளவுகோல், எல்லைக்கு வெளியே உள்ளவை எல்லாம் எழுதிய ஆவணம் அது. வாடிக்கையாளர் ஒரு பட்டனின் இடத்தை மாற்றச் சொன்னாலும், நேரமும் செலவும் குறித்த ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ கையெழுத்தாகி வந்தபிறகே கை வைக்கும் பழக்கம் அங்கே ஊறியிருக்கிறது. அதே ஒழுங்கைத் தன் சொந்த வீட்டு வேலைக்குக் கொண்டுவரக் கூச்சம் ஏன்? “மேஸ்திரி தப்பா நினைச்சுக்குவார்” என்பதுதான் வழக்கமான பதில். எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. இந்த எண்ணம் மாறியே ஆக வேண்டும்.

“அப்படியே அந்த லாஃப்டையும் போட்டுடுங்க”

ஒப்பந்தம் எவ்வளவு விவரமாக இருந்தாலும், சைட்டில் நிற்கும்போதுதான் வீட்டுக்காரருக்குப் புது ஆசைகள் முளைக்கும். சமையலறையில் இன்னொரு லாஃப்ட், படுக்கையறை ஜன்னல் கொஞ்சம் பெரியதாக, ஹாலில் டி.வி. பின்னால் நான்கு பாயின்ட் கூடுதலாக. போனில் பார்த்த எலிவேஷன் படத்தைக் காட்டி “இந்த மாதிரி வந்தா நல்லாருக்கும்ல?” என்று ஒரு கேள்வி. மேஸ்திரி சரியென்பார். பணப் பேச்சு அந்த நேரத்தில் இருவருக்கும் கூச்சம். கடைசி பில்லில் அவை வரிசையாக வந்து நிற்கும்போது “இதையெல்லாம் நீங்க சும்மா செஞ்சு தர்றீங்கன்னு நினைச்சேன்” என்பார் வீட்டுக்காரர்.

இங்கே மேஸ்திரியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டால், அந்த மூன்று வாரமும் மேஸ்திரியின் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை இல்லை. அவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால் திரும்பக் கூட்டிவருவது அவர் பாடு. இடையில் எம்-சாண்ட் விலையும் கம்பி விலையும் ஏறினால் இழப்பு அவருக்கு. ‘எந்தப் பொருளை எந்தத் தேதிக்குள் வீட்டுக்காரர் முடிவு செய்ய வேண்டும்’ என்று ஒரு பட்டியல் இருந்தால், தாமதம் யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

அரசுப் பணிகளில் இதற்கு எம்.புக் இருக்கிறது. நடந்த வேலையை அளந்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி எழுதும் புத்தகம். மண்ணுக்குள்ளோ காங்கிரீட்டுக்குள்ளோ மறையப்போகும் வேலையை மறைவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். தனி வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டே போதும். மாற்றம் என்ன, கூடுதல் தொகை எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று மூன்று கட்டம், கீழே இரண்டு கையெழுத்து. லாஃப்ட் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே மனம் மாறுகிறவர்களும் இருப்பார்கள்.

‘எழுதவில்லை, அதனால் தரமாட்டேன்’ என்று வீட்டுக்காரர் தப்பித்துவிடவும் முடியாது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-வது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. வாய்வழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் என்ன பேசினோம் என்று நிரூபிக்க வருடங்கள் ஓடும்.

சட்டம் எங்கே துணை நிற்கிறது?

அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கு 2016-ல் வந்த ரெரா சட்டம் இந்த எழுத்து வேலையைக் கட்டாயமாக்கிவிட்டது. விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது: வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். வாங்குபவர் சம்மதமில்லாமல் அவர் வீட்டின் வரைபடத்தையோ பொருத்தும் பொருள்களின் தரத்தையோ மாற்றக் கூடாது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துத் தனி வீடு கட்டுகிறவருக்கு இந்தக் குடை கிடையாது. அவருக்கு இருப்பது நுகர்வோர் சட்டம். லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில், வீடு கட்டித் தருவதும் ‘சேவை’தான் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொன்னது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சேவை என்பதன் வரையறையில் வீட்டுக் கட்டுமானம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஆணையம் எதை வைத்துக் குறைபாடு என்று தீர்மானிக்கும்? ‘நல்ல மரம், நல்ல பெயிண்ட்’ என்ற தாளை நீட்டினால், மீறப்பட்ட வாக்குறுதி எது என்று காட்டவே வழியில்லை. ‘உள்சுவருக்கு இரண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன்’ என்ற தாள் இருந்தால் காட்டலாம்.

கடைசித் தவணை

தவணைகளைத் தேதியோடு கட்டாமல் வேலையோடு கட்டுவது இருதரப்புக்கும் நல்லது. அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, தரை என்று கட்டம் கட்டமாக. ‘பூச்சு முடிந்ததும்’ என்று எழுதினால் உள்பூச்சா, வெளிப்பூச்சா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சாரம் பிரிக்கும் நாளில் பணம் கேட்டு வந்து நிற்கிறவருக்கு, வெளிப்பூச்சு பாக்கி என்று அப்போதுதான் சொல்வது நியாயமில்லை.

எல்லாப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடாமல், மொத்தத்தில் ஒரு சிறு பங்கை நிறுத்திவைப்பது பெரிய ஒப்பந்தங்களில் வழக்கம். வீட்டு வேலையிலும் செய்யலாம், எவ்வளவு, எப்போது விடுவிப்பது என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் மட்டும். மொட்டைமாடியில் வடிகால் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை இரண்டாவது சோதனை. தை பிறந்ததும் இருவரும் சேர்ந்து ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்து, கசிவு இருந்தால் சரிசெய்து, இல்லாவிட்டால் அன்றைக்கே மேஸ்திரியின் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். சுவருக்குள் போகும் குழாய்களையும் வயர்களையும் பூசுவதற்கு முன் எடுத்த போட்டோக்கள், கட்டமைப்பு வரைபடம், மோட்டார் வாரண்டி அட்டை, மாற்றங்கள் எழுதிய அந்த நாற்பது பக்க நோட்டு ஆகியவை அன்றைக்கு வீட்டுக்காரர் கையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பின்னாளில் ஏ.சி. மாட்ட வருகிறவர் சுவரில் துளை போடும் இடத்தை அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.